நடுவும் ஓரமும்: ஸ்பைனல் சொல்லும் கடலடி வரலாறு

பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து அதிலிருக்கும் காந்தத்தை எடுத்து மணலில் இழுத்து விளையாடாதவர்கள் எங்கள் வாலாஜாபாத்தில் குறைவு. பாலாற்று மணலில் காந்தத்தைப் புரட்டி எடுத்தால், மீசை முளைத்த மாதிரி கருப்பாக ஒரு பொடி ஒட்டிக்கொண்டு வரும். "இரும்புத் தூள்" என்று சொல்லிக்கொண்டு அதைக் காகிதத்தின் மேல் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தி ஆட வைப்போம்.

அது இரும்புத் தூள் இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அது மேக்னடைட் என்ற கனிமம். மேற்கே இருக்கும் மலைப் பாறைகள் உதிர்ந்து, ஆற்றோடு உருண்டு வந்து சேர்ந்தது. அதைவிட ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. இந்த மேக்னடைட்டையும் அதன் பங்காளிகளையும் படித்துத்தான், மூவாயிரம் நாலாயிரம் மீட்டர் தண்ணீருக்கு அடியில் கடல்தரை எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். இந்தப் பங்காளிக் கூட்டத்துக்கு ஸ்பைனல் குடும்பம் என்று பெயர்.

இந்தக் கட்டுரை அந்தக் குடும்பத்தைப் பற்றியது. கொஞ்சம் வேதியியல் வரும், பயப்பட வேண்டாம். நான் சொல்ல வருவது என்னவோ வரலாறுதான். ஒரு சான்றை எப்படிப் படிப்பது, எப்படிப் படித்தால் ஏமாந்து போவோம் என்கிற வரலாறு.

கிரீடத்தில் ஒரு பொய்

ஸ்பைனலின் கதை ஓர் ஆள்மாறாட்டத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்து அரச கிரீடத்தின் முன்பக்கம் சிவப்பாக ஒரு பெரிய கல் இருக்கிறது. சுமார் 170 காரட். "கருப்பு இளவரசரின் ரூபி" என்று பெயர். ஆனால் அது ரூபியே இல்லை, சிவப்பு ஸ்பைனல். முகலாய மன்னர்கள் பெயர் பொறித்து வைத்துக்கொண்ட, பிறகு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த "தைமூர் ரூபி"யும் அப்படித்தான். இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்று ரோமே த லீல் என்ற பிரெஞ்சு அறிஞர் 1783இல் பிரித்துக் காட்டினார். 1797இல் வோக்லான் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் சைபீரியாவில் கிடைத்த சிவப்பு ஈயக் கனிமத்தில் குரோமியம் என்ற புதுத் தனிமத்தைக் கண்டுபிடித்தார். பிறகு சிவப்பு ஸ்பைனலிலும் அதே குரோமியம் துளி அளவில் இருப்பதைக் கண்டார். அந்தச் சிவப்புக்குக் காரணமே அதுதான்.

உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது 1915இல் தெரிந்தது. இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி பிராக்கும், ஜப்பானில் ஷோஜி நிஷிகாவாவும் எக்ஸ் கதிர்களை வைத்து, ஒருவரைப் பற்றி ஒருவர் அறியாமலே, ஒரே விடையைக் கண்டார்கள். நான்கு ஆக்சிஜன் அணுக்களுக்கு மூன்று உலோக அணுக்கள். அந்த மூன்றில் ஒன்றுக்கு ஒரு வகை இடம், மற்ற இரண்டுக்கு வேறு வகை இடம்.

நம் ஊர் பாஷையில் சொன்னால் இது பேருந்து மாதிரி. இரண்டு வகை இருக்கைகள். முதல் வகையில் பெரும்பாலும் மெக்னீசியமோ இரும்போ உட்காரும். இரண்டாம் வகையில் அலுமினியம், குரோமியம், இன்னொரு வகை இரும்பு, இவற்றில் எது வேண்டுமானாலும் உட்காரலாம். மெக்னீசியமும் அலுமினியமும் நிறைந்திருந்தால் அசல் ஸ்பைனல். இரும்பும் குரோமியமும் என்றால் குரோமைட். இரண்டு இடத்திலும் இரும்பே என்றால் நம் பாலாற்று மேக்னடைட். பேருந்து ஒன்றுதான், பயணிகள்தான் வேறு.

யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் பேருந்து எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா? கம்பெனிச் சீருடைக்காரர்கள் நிறைய இருந்தால் இன்னும் ஒரகடம் தாண்டவில்லை என்று அர்த்தம். ஸ்பைனலின் ஆராய்ச்சி முழுக்க இந்த ஒரு தந்திரத்தில்தான் நிற்கிறது.

நம் கடலில் கிடைத்த முதல் சாட்சி

கடல்தரைப் பாறைகளின் வரலாற்றில் அட்லாண்டிக் கடலைத்தான் அதிகம் பேசுவார்கள். ஆனால் முக்கியமான ஒரு திருப்பம் நம் பக்கத்து அரபிக்கடலில் நடந்தது.

1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய டென்மார்க்கின் டானா கப்பல், அரபிக்கடலின் நடுவே ஒரு கடலடி மலைத்தொடர் இருப்பதைக் கண்டது. செலவுக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளையின் பெயரால் அதற்குக் கார்ல்ஸ்பெர்க் முகடு என்று பெயர் வைத்தார்கள். (ஆமாம், அந்த பீர் கம்பெனியின் அறக்கட்டளைதான் :-)) அடுத்து 1933-34இல் ஜான் முர்ரே பயணம். கப்பல் எகிப்தின் மபாஹிஸ். தலைவர், இந்திய விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநராக இருந்த சீமோர் செவெல். அவர்கள் அந்த முகட்டிலிருந்து எரிமலைப் பாறைகளை வாரிக்கொண்டு வந்தார்கள். வைஸ்மன் என்பவர் 1937இல் அந்தப் பாறைகளைப் பற்றி எழுதினார்.

அந்தக் காலத்தில் ஒரு பாறையில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அறிய வழக்கமான வழி, அதை இடித்துப் பொடியாக்கி, அமிலத்தில் கரைத்து, ஒவ்வொரு தனிமமாகப் பிரித்து எடை போடுவது. பொறுமையான, நேர்மையான வேலை. ஆனால் பொடியாக்கிய கணத்திலேயே எது நடுவில் இருந்தது, எது ஓரத்தில் இருந்தது என்ற செய்தி போய்விடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருவோம்.

1962இல் பிரிட்டனின் ஓவன் என்ற கப்பல் அதே கார்ல்ஸ்பெர்க் முகட்டின் ஒரு பகுதியில் காந்தப்புலத்தை அளந்தது. கப்பலில் இருந்தவர் டிரம்மண்ட் மேத்யூஸ். அவருடைய மாணவர் ஃபிரெட் வைன் அந்த அளவுகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். கடலடி மலைகள் சிலவற்றின் காந்தம் இன்றைய வடக்கு நோக்கி இல்லாமல் தலைகீழாக இருந்தது. 1963இல் இருவரும் எழுதிய கட்டுரை சொன்னது இதுதான்: முகட்டில் புதுத் தரை பிறக்கிறது, குளிரும்போது அன்றைய காந்தத் திசையைப் பதிவு செய்துகொள்கிறது, பிறகு இரு பக்கமும் விலகிப் போகிறது. பூமியின் காந்தம் அவ்வப்போது தலைகீழாகப் புரள்வதால் தரையில் வரிவரியாகப் பட்டைகள். லாரன்ஸ் மார்லி என்ற கனடாக்காரர் தனியாக இதே எண்ணத்தை எழுதி அனுப்ப, ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. பாவம்.

அந்தத் திசையைப் பதிவு செய்தது எது? பாறைக்குள் இருக்கும் டைட்டானியம் கலந்த மேக்னடைட். அதாவது, ஸ்பைனல். கண்டங்கள் நகர்கின்றன என்ற வாதத்துக்கு வலுவான சாட்சி சொன்னது, நாம் காகிதத்தில் ஆட வைத்த அதே கருப்புப் பொடியின் பங்காளி.

பொடியாக்காமல் பார்ப்பது எப்படி?

மேக்னடைட் திசையைச் சொன்னது. ஆனால் அந்தக் கடல்தரைக்குக் கீழே, பூமியின் மூடகத்தில் பாறை எவ்வளவு உருகியது, எந்தச் சூழலில் உருகியது? இதற்கு வேறு சாட்சி வேண்டும். அதைச் சொன்னது குரோமியம் கலந்த ஸ்பைனல்.

இதைப் படிக்க ஒரு கருவி தேவைப்பட்டது. 1951இல் பாரிஸில் ரேமோன் கஸ்தேன் தன் முனைவர் பட்ட ஆய்வில் அதை விவரித்தார். எலக்ட்ரான் கற்றையை ஊசி முனைபோலக் குவித்துக் கனிமத்தின் ஒரு புள்ளியில் அடித்தால், அந்தப் புள்ளியில் இருக்கும் தனிமங்கள் தத்தமக்குரிய எக்ஸ் கதிர்களை வெளியிடும். அதை அளந்தால் அந்தப் புள்ளியின் கலவை தெரியும். புள்ளியின் அகலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இனி இடிக்க வேண்டாம், கரைக்க வேண்டாம். ஒரே துகளின் நடுவில் ஓர் அடி, ஓரத்தில் ஓர் அடி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1965இலும் 1967இலும் நீல் இர்வைன் கனடா ஆய்விதழ் ஒன்றில் இரண்டு கட்டுரைகள் எழுதினார். குரோமியம் கலந்த ஸ்பைனலை, பாறை பிறந்த சூழலைக் காட்டும் அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்பது அவற்றின் சாரம். 1984இல் ஹென்றி டிக், தாமஸ் புல்லன் இருவரும் கடலடி மூடகப் பாறைகளுக்கு அதை விரிவாகப் பொருத்திக் காட்டினார்கள்.

பேருந்துக்கே திரும்புவோம். மூடகப் பாறை கொஞ்சம் கொஞ்சமாக உருகும்போது அலுமினியம் சீக்கிரம் இறங்கி, உருகிய குழம்போடு போய்விடும். குரோமியம் கடைசி நிறுத்தம் வரை இடத்தைவிட்டு நகராது. அதனால் எஞ்சிய பாறையில் இருக்கும் ஸ்பைனலில் அலுமினியமும் குரோமியமும் சேர்ந்து 100 என்றால் அதில் குரோமியம் எத்தனை என்று பார்க்க வேண்டும். இதைக் குரோமிய எண் என்று வைத்துக்கொள்வோம். எண் ஏற ஏற, பாறை அதிகம் உருகியிருக்கிறது. சாதாரணக் கடல் நடு முகடுகளில் கிடைக்கும் மூடகப் பாறைகளில் இது 60ஐத் தாண்டுவதில்லை என்று டிக்கும் புல்லனும் காட்டினார்கள். தாண்டினால், அது வேறு இடத்தில் உருகிய பாறையாக இருக்கலாம் என்ற சந்தேகம் வரும். குறிப்பாக, ஒரு கடல்தரை இன்னொன்றின் அடியில் அமிழும் இடம். அங்கே தண்ணீர் சேர்வதால் பாறை அதிகம் உருகும்.

நடுவும் ஓரமும்

இனிதான் முக்கியமான இடம். ஒரு ஸ்பைனல் துகள் முழுக்க ஒரே கலவையில் இருப்பதில்லை. மரத்தின் வளையங்கள் போல நடுவிலிருந்து ஓரம் வரை கலவை மாறும். இந்த மாற்றம் ஒரே காரணத்தால் வருவதும் இல்லை.

முதல் வகை, வளரும்போதே வருவது. எரிமலைக் குழம்பில் குரோம் ஸ்பைனல் முதலில் படிகமாகும் கனிமங்களில் ஒன்று. நடுப்பகுதி ஆரம்பக் குழம்பின் கலவையைக் காட்டும். குழம்பு குளிரக் குளிர அதன் கலவை மாறும், ஓரத்தில் இரும்பும் டைட்டானியமும் கூடும். இடையில் கீழிருந்து புதுக் குழம்பு வந்து கலந்தால் அதுவும் ஒரு வளையமாகப் பதியும். பிறகு குழம்பு கடல்நீரில் பட்டுச் சட்டென்று உறைந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும்.

இரண்டாம் வகை, மெதுவாகக் குளிரும்போது வருவது. பக்கத்தில் இருக்கும் ஆலிவின் கனிமத்தோடு ஸ்பைனல் மெக்னீசியத்தையும் இரும்பையும் மாற்றிக்கொண்டே இருக்கும். இவை சுலபமாக இடம் மாறும். குரோமியமும் அலுமினியமும் அப்படி அல்ல, லேசில் நகராது. எனவே ஒரே துகளில் சில தனிமங்கள் பிறந்த நேரத்தைச் சொல்லும், சில தனிமங்கள் குளிர்ந்த வேகத்தைச் சொல்லும்.

மூன்றாம் வகை, பிறகு நேர்ந்தது. கடல்நீர் விரிசல் வழியே இறங்கி மூடகப் பாறையைப் பச்சை நிறப் பாம்புக்கல்லாக மாற்றும். பின்னால் அந்தப் பாறை மறுபடி சூடேறி அழுத்தப்பட்டால், துகளின் ஓரத்திலிருந்து அலுமினியமும் மெக்னீசியமும் வெளியேறி இரும்பு உள்ளே வரும். அதற்கும் வெளியே மேக்னடைட் ஒரு தோல் போலப் படியும். பளபளப்பாக்கிய துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் நடு மங்கலான சாம்பல் நிறம், ஓரம் பளிச்.

பளிச்சென்று இருப்பதுதான் முதலில் கண்ணில் படும். ஆனால் பிறந்த கதை அங்கே இல்லை. ஓரத்தில் அலுமினியம் குறைந்துவிட்டதால் குரோமிய எண் கூடிவிடும். அதை அளந்துவிட்டு "ஆகா, இந்தப் பாறை பயங்கரமாக உருகியிருக்கிறது" என்று எழுதினால் அது தப்பு. உருகியதால் அலுமினியம் போகவில்லை, பல கோடி ஆண்டு கழித்து வேறு காரணத்தால் போனது.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் ஊர்ப்பக்கத்துப் பழைய கோயில் சுவர்கள்தான் நினைவுக்கு வந்தன. கல்வெட்டின் மேல் யாரோ சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். சுண்ணாம்பும் வரலாறுதான், எப்போது அடித்தார்கள் என்பதும் ஒரு செய்திதான். ஆனால் சுண்ணாம்பைப் படித்துவிட்டுக் கல்வெட்டைப் படித்தேன் என்று சொல்லக் கூடாது.

நாமக்கல்லில் ஒரு கடல்?

வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள குன்றுகள் கடல்தரைப் பாறைகள் அல்ல. இந்தப் பக்கம் சார்னக்கைட் வகைதான் அதிகம். (கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைக்குப் போன பல்லாவரத்துக் கல்லைப் பார்த்து ஹாலண்ட் 1893இல் வைத்த பெயர் அது.) கடல்தரை என்று சந்தேகிக்கப்படும் பாறைகளைப் பார்க்க நாமக்கல் பக்கம் போக வேண்டும்.

அங்கே சித்தம்பூண்டி என்ற ஊரைச் சுற்றி அனார்த்தோசைட் என்ற வெளிறிய பாறை அடுக்கடுக்காக இருக்கிறது. அந்த அடுக்குகளுக்கு நடுவே கருப்புக் குரோமைட் பட்டைகள். கர்நாட்டிக் பகுதியில் குருந்தக் கல்லோடு சேர்ந்து கிடைத்த கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பாருக்கு பிரெஞ்சுப் பிரபு பூர்னோன் 1802இல் "இண்டியனைட்" என்று பெயர் வைத்தார். இந்தப் பாறைத் தொகுதியை முழுமையாக ஆராய்ந்து ஏ.பி.சுப்பிரமணியம் 1956இல் எழுதிய கட்டுரை உலக அளவில் இந்த ஊரைப் பதிய வைத்தது.

இந்தப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இவை எங்கே பிறந்தன? குரோமைட்டில் அலுமினியமும் இரும்பும் மிகுதி, ஃபெல்ஸ்பாரில் கால்சியம் மிகுதி. இது தண்ணீர் கலந்த எரிமலைக் குழம்பின் அடையாளம், எனவே ஒரு கடல்தரை அமிழ்ந்த இடத்தின் மேலே எழுந்த எரிமலைத் தீவு வளைவின் அடிப்பகுதியாக இருக்கலாம் என்பது ஒரு வாசிப்பு. கிரீன்லாந்தில் ஃபிஸ்கெனேசெட் என்ற இடத்திலும் இதே ஜாடையில் பாறைகள் உண்டு. இதே வட்டாரத்தில் தேவனூர், மணமேடு ஆகிய இடங்களின் பாறைகளையும் பழைய கடல்தரையின் துண்டுகள் என்று 2010ஐ ஒட்டி வந்த ஆய்வுகள் சொல்கின்றன. தேவனூர் 250 கோடி ஆண்டுக்கு மேல், மணமேடு சுமார் 80 கோடி ஆண்டு.

இது சரியென்றால் விளைவு சாதாரணமானதல்ல. பாலக்காட்டிலிருந்து காவிரி வழியே போகும் பட்டை, இரண்டு நிலத்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த தையல் ஆகிவிடும். இன்று ஒரே மாநிலமாக இருப்பது ஒரு காலத்தில் கடலால் பிரிந்திருந்தது என்றாகும். அது தையலா, வெறும் முறிவுப் பட்டையா, தையல் என்றால் எப்போது போட்டது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஏன் முடிவுக்கு வர முடியவில்லை? காரணம் நாம் மேலே பார்த்ததுதான். சித்தம்பூண்டிப் பாறைகள் பிறந்து சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே பூமிக்குள் ஆழமாகப் புதைந்து கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆளாயின. அவ்வளவு சூட்டில் லேசில் நகராத அலுமினியமும் குரோமியமும்கூட நகரத் தொடங்கும். ஓரம் மட்டும் மாறினால் நடுவைப் படிக்கலாம். நடுவும் மாறியிருந்தால்? சுண்ணாம்பு சுவரின் மேலே மட்டும் இல்லாமல் எழுத்துக்குள்ளேயே ஊறிவிட்ட நிலை. அதனால்தான் குரோமைட்டை மட்டும் நம்பாமல், சிர்க்கான் துகள்களின் வயது, மற்ற பாறைகளின் கலவை, களத்தில் அவை கிடக்கும் அமைப்பு என்று பல சாட்சிகளைச் சேர்த்து விசாரிக்கிறார்கள்.

புதுக் கடல்தரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். 2023இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளைக் கப்பல் அட்லாண்டிக் கடலடியில் 1268 மீட்டர் ஆழத்துக்கு மூடகப் பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது. அந்த வகையில் அதுவரை எட்டாத ஆழம். அடுத்த ஆண்டே, 2024இல், அந்தக் கப்பலின் ஆய்வுப் பயணங்கள் முடிந்துபோயின.

சித்தம்பூண்டிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நிலவின் மேட்டுநிலம் பெரும்பாலும் அனார்த்தோசைட். அதனால் சந்திரயான்-2க்காகச் செயற்கை நிலவு மண் செய்ய இஸ்ரோ இந்தப் பகுதிப் பாறைகளைத்தான் எடுத்துப் பொடித்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினரும் உதவினார்கள். அதற்கு முன்பே, 2008இல் போன சந்திரயான்-1 சுமந்து சென்ற நாசாவின் கருவி, நிலவின் சில இடங்களில் மெக்னீசிய ஸ்பைனல் இருப்பதைக் காட்டியிருந்தது. இந்தக் குடும்பம் அங்கேயும் கிளை வைத்திருக்கிறது :-)

மறுபடி மணலுக்கு

இவ்வளவும் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் புழங்கும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கும் குரோமியம், ஏதோ ஒரு சுரங்கத்தில் குரோமைட்டாக இருந்தது. வேறு தாது அதற்குக் கிடையாது. செல்போன் சார்ஜருக்குள் இருக்கும் குட்டி மின்மாற்றியின் கருப்பு உள்ளகம் ஃபெரைட் என்ற செயற்கைப் பொருள். அதன் அணு அடுக்கும் 1915இல் பிராக்கும் நிஷிகாவாவும் கண்ட அதே ஸ்பைனல் அடுக்குதான். பேருந்தில் இந்த முறை மாங்கனீசும் துத்தநாகமும் ஏறியிருக்கின்றன, அவ்வளவே.

எனக்கு இதில் பிடித்தது வேறு. வைஸ்மன் காலத்திலும் கல் இதே கல்தான், அதற்குள் செய்தியும் இருந்தது. பொடியாக்காமல் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் அது வாசிக்கக் கிடைத்தது. இன்று நம்மால் வாசிக்க முடியாத செய்தி நாமக்கல் குரோமைட்டில் இன்னும் இருக்கலாம். வருங்காலத்தில் வேறொரு கருவியோடு வருபவருக்கு அந்தக் கல் அந்த இடத்தில் கிடைக்க வேண்டும். ஜல்லியாகப் போன கல்லிடம் நடு எது, ஓரம் எது என்று யாராலும் கேட்க முடியாது.

பாலாற்றிலும் மணல் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறது. மிச்சம் இருக்கும்போதே ஒரு நாள் காந்தத்தோடு போய்ப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு வருவது இரும்புத் தூள் இல்லை என்று கூட வரும் சின்னப் பசங்களிடமும் சொல்லுங்கள்.

நிலவியல் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.